சிங்கோனாப் பட்டையும் இரு கை மூலக்கூறுகளும்

நமுனுகுலை மலைச்சாரலில் பனி விலகும் காலை வேளையில் நிரையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். இரண்டு கைகளும் ஒரே வேலையை ஒரே விரைவில் செய்கின்றன. இரண்டிலும் ஐந்து விரல்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் நுட்பமும் இரண்டுக்கும் பொதுவே. ஆயினும் அவை ஒன்றல்ல. வலக்கையின்மேல் இடக்கையை வைத்துப் பார்த்தால், பெருவிரல்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். எவ்விதம் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. ஒரு கையின் உருவத்தைக் கண்ணாடியில் கண்டால் மட்டுமே அது மறு கையாகத் தோன்றும்.

சிறு பிள்ளையும் அறிந்த இந்த வேற்றுமை, இரசாயனவியலில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்களைச் சிந்திக்க வைத்த பெரும் புதிராகும். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளிலும் வலக்கையுண்டு, இடக்கையுண்டு. அவற்றுள் வேண்டிய ஒன்றை மட்டும் ஆக்கிக்கொள்வது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடுவதில் தம் இளமையைச் செலவிட்டு, ஒரு கண்ணின் பார்வையையும் ஆய்வுகூடத்தில் இழந்து, பின்னர் இருமுறை நோபெல் பரிசு பெற்றவர் அமெரிக்க இரசாயனவியலார் கார்ல் பாரி ஷார்ப்லெஸ். அவருடைய வெற்றிகளுள் ஒன்றுக்குத் துணை நின்ற பொருளோ, ஒரு காலத்தில் நம் மலைநாட்டில் பல்லாயிரம் ஏக்கரில் வளர்ந்து, பின் பயனற்றதென்று பிடுங்கி எறியப்பட்ட ஒரு மரத்தின் பட்டை. அந்த மரம் இங்கு பரவியதற்குக் காரணமான பேரிடர் முதன்முதலில் கண்ணிற்பட்ட இடமும் நமது பதுளை மாவட்டமே.

இலையின் அடியில் ஒரு செம்பொடி

1869ஆம் ஆண்டு. அந்நாளில் மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள். தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டு வழியே கால்நடையாக வந்த மக்களின் உழைப்பில் அத்தோட்டங்கள் செழித்திருந்தன. அவ்வாண்டில் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான பொடி படிந்திருப்பதைக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் என்பவர் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பெர்க்லி என்னும் பூஞ்சண அறிஞருக்கு அனுப்பினார். அவர் அதனைப் புதிய பூஞ்சணமென்று கண்டு அதே ஆண்டில் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயர் சூட்டினார். வஸ்டாட்ரிக்ஸ் என்றால் பாழாக்குவது என்று பொருள். பெயர் பொய்க்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர் பெரும்பாலும் அழிந்துபோயிற்று.

கோப்பி சாய்ந்தபோது தோட்டத் துரைமார் கைப்பற்றிய கொழுகொம்பு சிங்கோனா. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைகளுக்குரிய மரம் இது. இதன் பட்டையிலிருந்து கிடைப்பதே மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குவினைன். நம் முதியோர் கொயினா என்று சொல்லி, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிய அதே கசப்பு மருந்துதான். நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளைக்கு வரும் பாதையிலுள்ள ஹக்கலைப் பூங்கா 1861ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதே சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்ப்பதற்காகத்தான். கோப்பி விழுந்த பின்னர் ஊவா உட்பட மலைநாட்டுத் தோட்டங்களில் இம்மரம் விரைந்து பரவியது. 1880களின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் அளவுக்குப் பட்டை ஏற்றுமதியாயிற்று.

ஆனால் அந்த வளத்திலேயே அதன் வீழ்ச்சியும் இருந்தது. சந்தையில் பட்டை மலிந்தது. விலை அடியோடு சரிந்தது. யாவாத் தீவில் ஒல்லாந்தர் வளர்த்த வேறொரு சிங்கோனா இனம் பன்மடங்கு மிகுந்த குவினைனைத் தந்தது. அந்த நல்விதைகளைப் பொலிவியாவில் தேடிச் சேகரித்தவர் மனுவேல் இன்க்ரா மாமனி என்னும் பழங்குடி மனிதர். அந்தக் குற்றத்துக்காகவே அவர் சிறையிலிடப்பட்டு, அடியுண்டு மாண்டார். இலங்கையில் சிங்கோனா மரங்கள் வெட்டப்பட்டு, அவ்விடத்தில் தேயிலை நடப்பட்டது. நாம் இன்று காணும் மலைநாட்டின் பச்சைப் போர்வை இவ்வாறு வந்ததே. மூன்று பயிர்கள் மாறின. அவற்றைப் பேணிய கைகள் மாறவில்லை.

கொயினாவின் அருமை அதன்பின்னும் நாட்டுக்குத் தெரிந்தே இருந்தது. 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயில் எண்பதாயிரம் பேர் அளவில் மாண்டனர் என்பது வரலாறு. அக்காலத்தில் ஊர் ஊராக வழங்கப்பட்ட மருந்து குவினைனே. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது. சிங்கோனாவின் கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இரசாயனவியலார் அதற்கு மற்றொரு வேலை கொடுத்திருந்தனர்.

மூலக்கூறின் இரு கைகள்

அவ்வேலை யாதென அறிவதற்கு மூலக்கூறுகளின் கைகளைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

காபன் அணுவொன்று நான்கு அணுக்களையோ அணுக்கூட்டங்களையோ பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அந்நான்கும் தட்டையான ஒரு சதுரத்தின் மூலைகளில் இருப்பதில்லை. முக்கோண முகங்கள் நான்கு கொண்ட ஒரு கூம்புருவின் நான்கு முனைகளில் நிற்கின்றன. இதனை 1874ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு வான்ட் ஹொவ் என்பவரும் பிரெஞ்சு நாட்டு லெ பெல் என்பவரும் தனித்தனியே உணர்ந்து கூறினர். வான்ட் ஹொவுக்கு அப்போது வயது இருபத்திரண்டே. நான்கு முனைகளிலும் நான்கு வெவ்வேறு கூட்டங்கள் இருப்பின், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி உருவம். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதவை.

இவ்விரண்டும் ஒரே வெப்பநிலையில் உருகும், ஒரே நிறையுடையன. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டவல்லது, தானும் ஒரு கைப்பக்கத்தையுடைய பொருள் மட்டுமே. வலக்கையைக் குலுக்க நீட்டியவர் வலக்கையையே எதிர்பார்க்கிறார். இடக்கையைக் கொடுத்தால் பொருந்துவதில்லை. நமது உடம்பு அவ்வாறு ஒரு கைப்பக்கத்தையே கொண்ட பொருள்களாலானது. ஆகையால் உள்ளே வரும் மருந்தின் கை எதுவென்று அது உடனே அறிந்துகொள்கிறது.

மூக்கும் இதனை அறியும். காவோன் என்னும் பொருளின் ஒரு கைவடிவம் புதினா வகையொன்றுக்கு மணம் தருவது. அதன் மறுகை வடிவமோ, பிள்ளை பெற்ற தாய்மாருக்கு நம் வீடுகளில் கொடுக்கும் சதகுப்பை விதையின் மணத்துக்குக் காரணமாவது. அணுக்கள் அவையே, அவற்றின் எண்ணிக்கையும் அதுவே. கை மாறியதால் மணம் மாறியது.

மணம் மாறினால் இழப்பில்லை. மருந்தில் மாறினால் உயிருக்கே ஊறு நேரலாம். 1957ஆம் ஆண்டில் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் பலர் அதனை உட்கொண்டனர். கைகால்கள் குறைந்த குழந்தைகள் பத்தாயிரத்துக்கு மேல் பல நாடுகளிலும் பிறந்தன. 1961ஆம் ஆண்டின் இறுதியிலேயே அங்கு அம்மருந்து மீட்கப்பட்டது. அதில் இரு கைவடிவங்களும் சரிபாதியாகக் கலந்திருந்தன. தீங்கு ஒரு கைவடிவத்தினாலேயே விளைந்தது என்று பின்னர் ஆய்வுகள் கூறின. ஆயினும் உடம்பினுள் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதால், நல்ல கையை மட்டும் கொடுத்திருந்தால் எல்லாம் நலமாயிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒவ்வொரு கைவடிவத்தையும் தனித்தனியே ஆராயவேண்டும் என்னும் எண்ணம் நாளடைவில் வலுப்பெற்றது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதனை நெறியாகவே வெளியிட்டது.

இங்கேதான் இரசாயனவியலாரின் இடர் தொடங்குகிறது. ஆய்வுகூடத்தில் சாதாரண முறையில் ஒரு பொருளைத் தொகுத்தால் இரு கைவடிவங்களும் சமபங்கில் விளையும். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் குப்பையில் கொட்டவேண்டும். வேண்டிய கையை மட்டும் விளைவிக்கும் முறைக்குச் சமச்சீரற்ற தொகுப்பு என்று பெயர்.

புளியும் பட்டையும்

மூலக்கூறின் கைகளை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் லூயி பாஸ்டர். 1848ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாம் வயதில், தாத்தாரிக்கமிலத்தின் உப்பொன்றை அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினார். பளிங்குகளிற் சில வலப்பக்கம் சரிந்தும், சில இடப்பக்கம் சரிந்தும் இருக்கக் கண்டார். குறட்டினால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியலாக்கினார். நீரிற் கரைத்தபோது ஒரு குவியல் முனைவாக்கிய ஒளியை வலப்புறமாகவும், மற்றையது இடப்புறமாகவும் திருப்பின. இச்செய்தியைக் கேட்ட எழுபத்துநான்கு வயது மூதறிஞர் பியோ அதனை நம்பாமல், தம் கண்முன்னே செய்துகாட்டச் சொன்னார். செய்து காட்டியபோது அக்கிழவர் உள்ளம் நெகிழ்ந்து இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டாராம்.

தாத்தாரிக்கமிலம் ஏதோ அந்நியப் பொருளென்று எண்ணவேண்டாம். நம் அடுப்படியிற் சாடியில் உப்பிட்டு வைத்திருக்கும் பழப்புளியின் புளிப்புக்குத் தலைமைக் காரணம் அதுவே. அதிலும் ஒரே கைவடிவம்.

1853ஆம் ஆண்டில் பாஸ்டர் மற்றொரு வழியையும் கண்டார். சிங்கோனாப் பட்டையின் காரப்பொருள்களிலிருந்து பெற்ற சேர்வைகளை அமிலத்தின் இரு கைவடிவங்களும் கலந்த கரைசலோடு சேர்த்தால், ஒரு கைவடிவம் முதலில் பளிங்காகப் பிரிந்தது. பட்டைப்பொருளும் ஒரு கையுடையதாகையால் கையைக் கையே அடையாளம் கண்டது. புளியும் சிங்கோனாவும் விஞ்ஞான வரலாற்றில் கைகோத்த முதல் நிகழ்ச்சி இது.

1912ஆம் ஆண்டில் பிரேடிக், ஃபிஸ்கே என்னும் இருவர் குவினைனைச் சிறிதளவு ஊக்கியாக இட்டு, ஒரு கைவடிவம் சற்று மிகுதியாக விளையுமாறு செய்தனர். ஊக்கி என்பது தான் செலவாகாமல் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள். தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் இயந்திரம் எத்தனை கூடைக் கொழுந்தை வாங்கி உருட்டிக் கொடுத்தாலும் தான் அதிற் கலந்துவிடுவதில்லையன்றோ? அதுபோலவே ஊக்கியும். ஆனால் 1912இல் கிடைத்த மிகுதி அற்பமே. அந்த வித்து முளைக்க நெடுங்காலம் காத்திருந்தது.

மீன்பிடிக்க விரும்பிய இளைஞர்

பாரி ஷார்ப்லெஸ் 1941ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள் ஃபிலடெல்ஃபியா நகரிற் பிறந்தார். சிறுவயதில் அவர் மனம் பாடப்புத்தகங்களில் இருந்ததைவிட நியூ ஜேர்சிக் கரையோர ஆற்றிலும் கடலிலும் மீன்பிடிப்பதிலேயே இருந்தது. தூண்டிலை எறிந்தபின் நீருக்கடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் காத்திருக்கும் அந்தப் பொறுமையைத்தான் பின்னாளில் அவர் ஆய்வுகூடத்துக்கும் கொண்டுவந்தார். மருத்துவராகும் எண்ணத்துடன் டார்ட்மத் கல்லூரியிற் சேர்ந்த அவரை, அங்கிருந்த இரசாயன ஆசிரியர் ஒருவர் ஆராய்ச்சியின்பால் திருப்பினார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1968இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வர்டில், உடம்பில் கொலஸ்திரோல் உண்டாகும் வழியை ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்றிருந்த கொன்ராட் புளொக்கிடம் பணியாற்றினார்.

உயிருடம்பினுள் நொதியங்கள் செய்யும் விந்தையை அவர் அங்கு அருகிருந்து கண்டார். நொதியம் என்பது இயற்கையின் ஊக்கி. அது ஒரு மூலக்கூறில் ஒட்சிசன் அணுவைக் குறித்த இடத்தில், குறித்த பக்கத்தில் மட்டுமே வைக்கிறது. மறுபக்கத்தை அது தொடுவதேயில்லை. இதனை எளியதோர் உலோக ஊக்கியைக் கொண்டு செய்ய இயலாதா? இந்தக் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது.

1970ஆம் ஆண்டில் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். சேர்ந்து சில காலமே ஆகியிருந்தது. ஒருநாள் பின்னிரவில் வீட்டுக்குப் புறப்பட்டவர், பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மாணவர் ஒருவர் மூடி உருக்கிக்கொண்டிருந்த கண்ணாடிக் குழாயைப் பார்ப்பதற்காக நின்றார். குழாயைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது வெடித்தது. கண்ணாடித் துணுக்குகள் கண்ணுக்குள் பாய்ந்தன. இரு கண்களையும் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் மருத்துவமனையிற் கிடந்தார். ஒரு கண் பிழைத்தது. மற்றதன் பார்வை போயிற்று. ஆய்வுகூடத்தில் எந்த நேரத்திலும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள் என்று பின்னர் அவர் தம் சகபாடிகளுக்கு எழுதினார். இரண்டு கைகளையும் இரண்டு பக்கங்களையும் பற்றிய ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் ஒரு கண்கொண்டே அதனைச் செய்தார்.

இலையின் இரு பக்கங்கள்

அவர் எடுத்துக்கொண்ட பணியை ஓர் உவமையாற் கூறலாம். இரட்டைப் பிணைப்புக்கொண்ட காபன் சேர்வைகள் சில, இலையைப்போலத் தட்டையானவை. ஒட்சிசன் மேற்புறத்தில் வந்து அமர்ந்தால் ஒரு கைவடிவம் விளையும். கீழ்ப்புறத்தில் அமர்ந்தால் மறுகை வடிவம் விளையும். தேயிலைக்கு மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிர்பச்சை என்று வேறுபாடுண்டு. இம்மூலக்கூறுகளுக்கோ அவ்வித அடையாளமில்லை. ஒட்சிசன் இரு பக்கத்திலும் சமமாகவே விழும். ஆகவே, ஒட்சிசனைச் சுமந்துவரும் உலோகத்தின்மேல் ஒரு கையுடைய பொருளைப் பூட்டிவிட வேண்டும். வலக்கையுறை வலக்கையிலேயே ஏறுவதுபோல, அந்த உலோகம் ஒரு பக்கத்திலேயே வந்து பொருந்தும்.

சொல்வது எளிது. எழுபதுகளில் வனேடியம், மொலித்தனம் முதலான உலோகங்களை அவர் மாற்றி மாற்றிப் பரீட்சித்தார். தாக்கம் நடந்தது, கை பிரியவில்லை. ஏறக்குறையப் பத்தாண்டு இவ்வாறு கழிந்தது. 1980ஆம் ஆண்டு ஜனவரியில், ஸ்டான்ஃபோர்டில், சுட்டோமு கட்சுகி என்னும் யப்பானிய ஆய்வாளரும் அவரும் தைத்தேனிய உலோகச் சேர்வையோடு தாத்தாரிக்கமிலத்திலிருந்து பெற்ற எசுத்தரைச் சேர்த்துப் பார்த்தனர். விளைந்த பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒரே கைவடிவமாயிருந்தது. எந்த அமிலத்தைப் பாஸ்டர் குறட்டினாற் பொறுக்கினாரோ அந்த அமிலமே, நம் புளிச்சாடியிலுள்ள அதே புளிப்பே, கதவைத் திறந்தது. மறுகை வேண்டுமாயின் அமிலத்தின் மறுகை வடிவத்தை இட்டாற் போதும்.

அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. காட்டு மரங்களின் இலைகளைத் தின்று பாழாக்கும் ஜிப்சி அந்துப்பூச்சியின் பெண், ஆணை அழைப்பதற்கு ஒரு மணப்பொருளை வெளியிடுகிறது. அதன் ஒரு கைவடிவம் ஆண்பூச்சியை ஈர்க்கும். மறுகை வடிவம் சிறிது கலந்தாலும் ஈர்ப்புக் குறையும். இந்த மணப்பொருளைத் தூய ஒரே கைவடிவமாகத் தொகுப்பது புதிய முறையால் எளிதாயிற்று. இருதய நோய்க்கான மருந்துகளை ஒரே கைவடிவமாக ஆக்குவதற்கும் வழி பிறந்தது.

பட்டைக்கு வந்த மறுவாழ்வு

தைத்தேனிய முறைக்கு ஓர் எல்லை உண்டு. இரட்டைப் பிணைப்பின் அருகில் அற்ககோல் கூட்டமொன்று இருந்தாலன்றி உலோகம் பிடித்துக்கொள்வதற்கு இடமிராது. அவ்விதக் கைப்பிடி இல்லாத மூலக்கூறுகளை என்செய்வது? இங்குதான் சிங்கோனா மீண்டும் மேடையேறுகிறது.

ஒசுமியம் நாலொட்சைட்டு என்னும் பொருள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் இரண்டு ஒட்சிசன்களை ஒருங்கே வைக்க வல்லது. ஆனால் அது விலைமிக்கது. ஆவியாகிக் கண்ணைக் கெடுக்கும் கடும் நஞ்சுமாகும். 1980ஆம் ஆண்டிலேயே ஷார்ப்லெஸ்ஸும் அவர் மாணவர் ஹென்ட்கஸும் ஒசுமியத்தோடு சிங்கோனாப் பட்டையின் காரப்பொருள்களைப் பூட்டி ஒரு கைவடிவத்தைப் பெற்றிருந்தனர். எனினும் விளைபொருளுக்குச் சமமான அளவு ஒசுமியம் செலவாயிற்று. எட்டாண்டு கழித்து 1988இல், பயன்பட்ட ஒசுமியத்தை உடனுக்குடன் மீட்டுத் திரும்பத் திரும்ப வேலைவாங்கும் முறையை அவரது குழுவினர் வெளியிட்டனர். ஒசுமியம் ஊக்கியாயிற்று, மிகச் சிறிதளவே போதுமானதாயிற்று.

இதில் வியப்பான உண்மை ஒன்று உண்டு. பட்டைப்பொருள் பூட்டப்படாத ஒசுமியமும் அக்கரைசலிற் சிறிது இருக்கவே செய்யும். அது கைபாராமல் இரு பக்கமும் ஒட்சிசனை வைத்துவிட்டால் பிரிப்பு எல்லாம் வீணாகும். ஆனால் பட்டைப்பொருள் பூட்டிய ஒசுமியம், பூட்டாததைவிட மிக விரைவாக வேலை செய்தது. நல்ல தொழிலாளி பத்துக் கூடை நிரப்புவதற்குள் சோம்பேறி ஒரு கூடையும் நிரப்பாவிடின், அன்றைய கொழுந்தின் தரம் நல்லவருடைய தரமே. இந்த விரைவே அம்முறையின் உயிர்நாடி.

சிங்கோனாவையே தேர்ந்ததற்கும் காரணமுண்டு. இயற்கைப் பொருள்கள் பெரும்பாலும் ஒரு கைவடிவிலேயே கிடைக்கும்; மறுகை வடிவம் கிடைப்பதரிது. சிங்கோனாப் பட்டையிலோ குவினைன், குவினிடைன் என்னும் இரட்டையர் உள்ளனர். இவை முற்றிலும் கண்ணாடி உருவங்கள் அல்லவெனினும், வேலை நடக்கும் பகுதியில் வலக்கையும் இடக்கையும் போலவே நிற்கின்றன. முன்னது மலேரியாவுக்கு மருந்தாயிற்று. பின்னது இருதயத் துடிப்பின் ஒழுங்கீனத்துக்கு மருந்தாக வழங்கப்பட்டது. இவ்விரண்டிலும் சிறிது ஐதரசனை ஏற்றிப் பெற்ற சேர்வைகளுள் ஒன்றை இட்டால் ஒரு கைவடிவம். மற்றொன்றை இட்டால் மறுகை வடிவம். ஒரே மரத்தின் பட்டை இரு கைகளையும் தருகிறது!

1992ஆம் ஆண்டளவில், இப்பட்டைப்பொருள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்ட ஊக்கியையும், சிறிதளவு ஒசுமிய உப்பையும், ஏனைய பொருள்களையும் கலந்த தூள்கள் இரண்டு உருவாயின. ஒன்று அல்பாக் கலவை, மற்றது பீட்டாக் கலவை. மாணவர் ஒருவர் புட்டியிலிருந்து தூளை எடுத்து, நீரும் அற்ககோலும் கலந்து, தம் சேர்வையை இட்டுக் கலக்கவேண்டியதே. ஏற்ற சேர்வைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வேண்டிய கைவடிவமே விளையும். பக்லிடாக்செல் என்னும் புற்றுநோய் மருந்தின் முக்கியமான பக்கச்சங்கிலியையும் இவ்வழியில் ஆக்கிக் காட்டினர்.

பரிசும் பங்காளிகளும்

2001ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசில் பாதி ஷார்ப்லெஸ்ஸுக்குக் கிடைத்தது. மறுபாதியைப் பகிர்ந்துகொண்டவர் இருவர். அமெரிக்காவின் வில்லியம் நோல்ஸ், பல்கலைக்கழகத்திலன்றித் தொழில் நிறுவனமொன்றிற் பணியாற்றியவர். பார்க்கின்சன் நோயாளரின் நடுங்கும் கைகளுக்கு ஆறுதல் தரும் எல்-டோப்பா மருந்தை ஒரே கைவடிவமாகத் தொழிற்சாலையில் ஆக்கும் வழியை எழுபதுகளிற் கண்டவர் அவர். யப்பானின் றியோஜி நொயோரி கண்ட உரோடிய ஊக்கியால் இன்று ஆண்டுக்கு ஆயிரம் தொன்னுக்கு மேல் மென்தோல் தொகுக்கப்படுகிறது. தலைவலிக்கு நெற்றியில் தடவும் தைலத்தின் குளிர்ச்சி மென்தோலினுடையதே.

ஷார்ப்லெஸ் பரிசோடு ஓய்ந்துவிடவில்லை. பழைய துறையை விட்டுவிட்டு, மூலக்கூறுகளைக் கொக்கிபோல் எளிதில் மாட்டி இணைக்கும் புதிய துறையொன்றைத் தொடங்கினார். அதற்காக 2022இல் இரண்டாம் முறையும் இரசாயன நோபெல் பரிசைப் பங்கிட்டுப் பெற்றார். இருமுறை நோபெல் பெற்ற தனிமனிதர்கள் உலகில் ஐவரே; அவருள் ஒருவர் மேரி கியூரி அம்மையார். 2021ஆம் ஆண்டில் பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மக்மில்லன் இருவரும் உலோகமே இல்லாத சிறு கரிமப் பொருள்களை ஊக்கியாக்கியதற்குப் பரிசு பெற்றனர். அந்தத் துறையிலும் சிங்கோனாப் பட்டையின் சேர்வைகள் இன்று முன்னிற்கின்றன. 1912ஆம் ஆண்டின் வித்து இப்போதுதான் மரமாகி நிற்கிறது எனலாம்.

கொழுந்தினுள் ஒரு தொழிற்கூடம்

மனிதர் நூறாண்டு முயன்று கற்றதை, நம் தோட்டத்துத் தேயிலைச் செடி ஆரவாரமின்றிச் செய்துகொண்டிருக்கிறது. கொழுந்திலுள்ள கட்டெக்கின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்களைச் செடியின் நொதியங்கள் பெரும்பாலும் குறித்த ஒரு கைவடிவிலேயே ஆக்குகின்றன. தேநீருக்கு இதமான சுவை தரும் தெயனினும் ஒரு கைவடிவினதே. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் அறைகள் உடைந்து, வேறொரு நொதியம் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு கட்டெக்கின்களை மாற்றுகிறது. பச்சை இலை செம்பு நிறமடைகிறது; தேநீருக்கு நிறமும் உறுதியும் வருகின்றன. ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது, ஊவாத் தேயிலைக்கு உலகம் விரும்பும் அந்தத் தனிமணம் ஏறுகிறது. அம்மணத்தில் பங்குகொள்ளும் லினலோல் என்னும் பொருளுக்கும் இரு கைவடிவங்கள் உண்டு. இரண்டின் மணமும் வேறுவேறு. இவற்றையெல்லாம் ஆராய்வதற்கென 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. ஊவாவுக்குரிய அதன் நிலையம் பசறையில் உள்ளது. 2005இல் பதுளையில் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது.

இருந்தும் ஒரு குறையைக் கூறாமல் விடுவதற்கில்லை. தேயிலையைத் தொட்டு வளர்த்த குடும்பங்களின் பிள்ளைகள் அத்தேயிலையின் இரசாயனத்தைக் கற்பதற்கான வாய்ப்பு இன்றும் அரிதாகவே உள்ளது. மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பும், அதற்குரிய ஆசிரியரும், ஆய்வுகூடமும் போதிய அளவில் இல்லை. பட்டை உரித்த கைகள் ஏட்டில் ஏறவில்லை. கொழுந்து பறிக்கும் கைகளின் பிள்ளைகளாவது ஏறவேண்டாமா?

அதுவரை காத்திராமல் தொடங்கக்கூடியதும் உண்டு. வீட்டிலே கண்ணாடிமுன் நின்று உங்கள் கையைப் பாருங்கள். ஒரு துண்டு மரவள்ளிக் கிழங்கில் நான்கு ஈர்க்குகளை நான்கு திசையில் குத்தி, நுனிகளில் வெவ்வேறு நிறப் பூக்களைச் செருகுங்கள். அதன் கண்ணாடி உருவத்தைப் பார்த்து இன்னொன்று செய்யுங்கள். இரண்டையும் எவ்விதம் திருப்பினாலும் பொருந்தாமையைக் கண்டுகொண்டால், வான்ட் ஹொவ் தம் இருபத்திரண்டாம் வயதில் கண்டதை நீங்களும் கண்டவராவீர்கள். பின்னர் ஆய்வுகூடம் புகும் நாளில் ஷார்ப்லெஸ்ஸின் கண்ணை நினைத்து, உங்கள் கண்ணாடியை அணிந்துகொள்ளுங்கள்.

தாய்மார் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கைகழுவி, புளி கரைக்க உட்காரும்போது, அந்தப் புளியில் என்ன இருக்கிறதென்று பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கலாம். கேட்பதற்கு அவர்கள் ஆவலாகவே இருப்பார்கள்.